நீட்டி மடக்கினால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

“ஓடுவதற்கு முன் உடம்பை நன்றாக நீட்டி மடக்கிக்கொள், அப்போதுதான் அடிபடாது.”

இந்த அறிவுரையைக் கேளாத மாணவர் நம் கல்லூரியில் ஒருவரும் இரார். பள்ளியில் டிரில் வகுப்பில் கேட்டோம். கபடி ஆடக் களத்தில் இறங்கும்போது மூத்த ஆட்டக்காரர்கள் சொல்லக் கேட்டோம். உடற்கல்வி ஆசிரியர் சொல்கிறார். சுளுக்கு எடுப்பவர் சொல்கிறார். வீட்டில் பாட்டியும் சொல்கிறார். இத்தனை பேர் ஒரே குரலில் சொல்வதைக் கேள்வி கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது போன்றதுதான். எனினும் கேட்க வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு முன் தசைகளை நீட்டுவது காயத்தைத் தடுக்கிறதா? தடுக்கிறது என்று கண்டவர் யார்? எவ்வாறு கண்டார்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீட்டல் தீமை அன்று. ஆனால் அது கவசமும் அன்று. அதைக் கவசம் என்று நம்புவதால் உண்மையான கவசத்தைத் தேடாமல் விடுகிறோம். அடிபட்டவனையே குற்றவாளியாக்கியும் விடுகிறோம். இவ்விரண்டு கேடுகளையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாருக்கு இந்தக் கவலை?

இது விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரிய ஆராய்ச்சி என்று புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் பிள்ளைப்பாக்கத்திலிருந்து வருகிறவன். திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் விடியற்காலையில் இருவகை இளைஞர்களைக் காணலாம். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் ஒரு வகை. சிப்காட் சாலையில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பவர்கள் மற்றொரு வகை. இரவு ஷிப்ட் முடித்து வந்து, உடை மாற்றிக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. நம் வகுப்புத் தோழர்கள் சிலரையும் அங்கே பார்க்கலாம்.

எதற்காக ஓடுகிறார்கள்? பெரும்பாலோர் காவலர் தேர்வுக்காக. இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு வரும் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடி முடிக்க வேண்டும். அதன்பின் கயிறு ஏறுதல், தாண்டுதல், குறுகிய தூர ஓட்டம் என வரிசையாகச் சோதனைகள். அரசு வேலை ஒன்று வந்தால் வீட்டின் நிலையே மாறும் என்பது நம்மில் பலருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கு ஒரு கணுக்காலின் மேல், ஒரு தொடைத் தசையின் மேல் நிற்கிறது.

இதில் நடப்பது என்ன? எழுத்துத் தேர்வுக்காக ஓராண்டு உட்கார்ந்தே படிக்கிறார்கள். முடிவு வந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து, கையைக் காலை நீட்டி மடக்கிவிட்டு, கெட்டியான தார்ச்சாலையில் நாள் தவறாமல் ஓடத் தொடங்குகிறார்கள். மூன்றாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி தோன்றுகிறது. வலியோடு ஓடுகிறார்கள். பிறகு நடக்கவும் முடிவதில்லை. அப்போது ஊரார் சொல்லும் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: “சரியாக வார்ம்-அப் செய்திருக்க மாட்டான்!”

இந்தத் தீர்ப்பு சரியா என்பதே நம் கேள்வி.

மூன்றையும் ஒன்றாக்க வேண்டா

விடை காணுமுன் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ‘வார்ம்-அப்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு செயல்கள் கலந்திருக்கின்றன.

ஒன்று, உடலைச் சூடேற்றுதல். மெதுவாக ஓடுவது, துள்ளுவது, வேகமாக நடப்பது ஆகியவை இவ்வகை. தசைக்கு இரத்த ஓட்டம் மிகுகிறது. தசையின் வெப்பம் கூடுகிறது. அது விரைவாகச் சுருங்கி விரிய ஆயத்தமாகிறது.

இரண்டு, அசைத்து நீட்டுதல். காலை முன்னும் பின்னும் வீசுதல், முட்டியை மார்புவரை தூக்கி நடத்தல், கையைச் சுழற்றுதல் போன்றவை. இங்கே மூட்டு அசைந்துகொண்டே இருக்கிறது.

மூன்று, நிறுத்தி நீட்டுதல். குனிந்து கால் விரலைத் தொட்டபடியோ, ஒரு காலைப் பின்னால் மடக்கிப் பிடித்தபடியோ அசையாமல் இருபது, முப்பது வினாடி நிற்பது. ‘ஸ்ட்ரெச்சிங்’ என்றதும் நம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

முதல் இரண்டையும் விட்டுவிடச் சொல்லி நான் வாதிடவில்லை. காயத்தைத் தடுக்கும் என்று புகழப்படும் இந்த மூன்றாவதைத்தான் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும்.

ஆய்வுகள் அளிக்கும் சாட்சி

இந்த விசாரணைக்கு மிகப் பொருத்தமான சாட்சி ஆஸ்திரேலிய நாட்டு இராணுவத்திலிருந்து கிடைக்கிறது. ஏனெனில் அங்கே புதிதாகச் சேரும் வீரர்களின் நிலை நம் காவலர் தேர்வு இளைஞர்களின் நிலையை ஒத்தது: இளவயது, திடீரென்று மிகுந்த பயிற்சி, காயம் பட்டால் வேலைக்கே ஆபத்து.

ரோட்னி போப் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அது. புதிய வீரர்கள் 1538 பேரைக் குலுக்கல் முறையில் இரு தொகுதிகளாகப் பிரித்தார்கள். இரு தொகுதியினரும் பயிற்சிக்கு முன் உடலைச் சூடேற்றிக்கொண்டனர். ஒரு தொகுதியினர் மட்டும் கூடுதலாகக் கால்களின் ஆறு பெரிய தசைத் தொகுதிகளை ஒவ்வொன்றாக 20 வினாடி நிறுத்தி நீட்டினார்கள். அதுவும் மேற்பார்வையாளர் முன்னிலையில். இப்படிப் பன்னிரண்டு வாரங்கள். முடிவு என்ன? நீட்டியவர்களில் 158 கால் காயங்கள், நீட்டாதவர்களில் 175. இரு தொகுதிகளின் ஆள் எண்ணிக்கையையும் கருத்தில் கொண்டு கணக்கிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்றும் இல்லை.

வேறொன்று அந்த ஆய்வில் வெளிப்பட்டது. பயிற்சிக்கு வரும்போதே உடல் தகுதி மிக்கவராக இருந்தவர்களுக்குக் காயம் குறைவு. தகுதி குறைந்தவர்களுக்கு மிகுதி. அதாவது, ஓட்டத்துக்கு முந்தைய ஐந்து நிமிடத்தைவிட ஓட்டத்துக்கு முந்தைய மாதங்களே பேசின!

தனி ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுதுவது முறையன்று என்று நம் பேராசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான். 2014இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர் லாவர்சனும் உடன் ஆய்ந்தவர்களும், விளையாட்டுக் காயத் தடுப்புப் பற்றிய 25 ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாக வைத்துக் கணக்கிட்டார்கள். மொத்தம் 26,610 பேர். நீட்டல் பயிற்சியால் காயம் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. தசை வலுவூட்டும் பயிற்சியோ காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்திருந்தது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சுமை விழுவதால் வரும் காயங்களும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

எதிர்த்தரப்புச் சாட்சியையும் மறைக்கக் கூடாது. 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், பெரும்பாலும் நார்வே, ஆஸ்திரேலியா நாடுகளைச் சேர்ந்த 2377 பேர் பங்கு கொண்டனர். அதிலும் மொத்தக் காயம் குறையவில்லை. ஆயினும் தொந்தரவு தரும் உடல்வலி இருந்ததாகச் சொன்னவர்கள், நீட்டாதவர்களில் வாரத்துக்கு மூவரில் ஒருவர் என்றால், நீட்டியவர்களில் நால்வரில் ஒருவர் என்ற அளவில் இருந்தனர். தசை, தசைநாண் சார்ந்த காயங்களும் சிறிது குறைவாகக் காணப்பட்டன. ஆகவே விரைந்து ஓடும் விளையாட்டுகளில் தசைக் கிழிவு சற்றுக் குறையக்கூடும் என்று கருதும் அறிஞர்கள் இன்றும் உண்டு. இதனை நான் மறுக்கவில்லை. ‘சற்று’ என்ற அந்தச் சொல்லை மட்டும் நாம் மறந்துவிடக் கூடாது.

தசையின் இயல்பு

ஏன் இப்படி? நீட்டினால் தசை நீளும். நீண்ட தசை கிழியாது என்பது கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ரப்பர் வளையத்தை நினைத்துக்கொண்டு சொல்லப்படும் கருத்து இது. தசை ரப்பர் அன்று.

வேகமாக ஓடுகிறவனின் பின்தொடைத் தசை எப்போது கிழிகிறது என்று பாருங்கள். காலை முன்னே வீசி, பாதம் தரையைத் தொடப் போகும் நேரம். அப்போது அந்தத் தசை நீண்டுகொண்டிருக்கிறது. அதே வேளையில், முன்னே பாயும் காலைத் தடுத்து நிறுத்தச் சுருங்க முயன்றுகொண்டும் இருக்கிறது. கிணற்றில் இறங்கும் வாளியின் கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே இழுத்துப் பிடிக்கும் கையைப் போன்ற வேலை அது. அந்தக் கைக்கு வேண்டியது பிடிக்கும் வலிமை. கையை எவ்வளவு தூரம் நீட்ட முடியும் என்பது அங்கே முதற்கேள்வி அன்று. கபடியில் பாடிச் சென்றவன் கோட்டைத் தொடக் காலை எட்டிப் போடும்போதும் இவ்வலிமையே அவனைக் காக்கிறது.

மேலும், சில வாரங்கள் நீட்டிப் பழகியவர் முன்னைவிடக் கீழே குனிய முடிவதற்குக் காரணம் பெரும்பாலும் தசை நீண்டுவிட்டது என்பதன்று. அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ள நரம்பு மண்டலம் பழகிவிட்டது என்பதே. தாங்கும் எல்லை விரிந்ததே ஒழிய, தசை வலுப்பெறவில்லை.

எலும்பின் கதை இன்னும் தெளிவானது. சாலையில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் எலும்பின் மேல் சுமை விழுகிறது. அந்தச் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கு வாரங்கள், மாதங்கள் வேண்டும்; இடையிடையே ஓய்வும் வேண்டும். நேற்றுவரை நாற்காலியில் இருந்தவன் இன்று முதல் நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் ஓடினால், எலும்பு கட்டும் வேகத்தைவிடத் தேயும் வேகம் மிஞ்சிவிடுகிறது. இதற்குக் கெண்டைக்கால் தசையை நீட்டி என்ன பயன்? வயலுக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் வரப்பைச் செதுக்கினால் தீருமா?

இன்னொரு செய்தியையும் ஓட்டக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும. ஒரு தசையை அறுபது வினாடிக்கு மேல் நிறுத்தி நீட்டிவிட்டு உடனே ஓடினாலோ தாண்டினாலோ, அத்தசையின் விசை சிறிது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அரை நிமிடத்துக்குள் நீட்டினால் அந்தக் குறைவு மிகச் சொற்பம். நீளம் தாண்டுதலில் ஓரிரு அங்குலத்தில் தேர்ச்சி போய்விடும் இடத்தில், தாண்டுவதற்குச் சற்று முன் நெடுநேரம் தசையை இழுத்துப் பிடித்திருப்பது அறிவுடைமை ஆகாது.

மறுப்புகளுக்கு விடை

“அப்படியானால் யோகாசனம் வீணா?” என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. ஆசனம் அதற்குரிய பயனுக்காகச் செய்யப்படுகிறது. ஓட்டப் பந்தயத்துக்கு ஐந்து நிமிடம் முன் காயத்தடுப்பு ஊசியாகப் போட்டுக்கொள்வதற்கன்று. பரதநாட்டியம் ஆடுபவருக்கும், தடை தாண்டி ஓடுபவருக்கும், ஜிம்னாஸ்டிக் பயில்பவருக்கும் மூட்டுகள் நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். அவர்களுக்கு நீட்டல் தொழிலின் ஒரு பகுதி. அதை அவர்கள் ஆண்டுக்கணக்கில், நாள்தோறும், உடல் சூடேறிய பின் செய்கிறார்கள்.

“நீட்டினால் உடம்பு இலேசாக இருக்கிறதே!” என்பார் மற்றொருவர். இருக்கட்டும்; அந்த உணர்வும் ஒரு பயனே. பழகியவர் பழகியதைத் தொடரட்டும். அரை நிமிட நீட்டலால் யாருக்கும் கேடு வரப்போவதில்லை. ஆனால் பயிற்சிக்கு மறுநாள் வரும் வலி இதனால் பறந்துபோகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நூறு புள்ளி அளவுகோலில் அந்த வலி நான்கு புள்ளிகளுக்கு மேல் குறையவில்லை என்று கண்டார்கள்.

“நம் முன்னோர்க்குத் தெரியாததா?” என்பது மூன்றாவது மறுப்பு. இங்கேதான் நான் முன்னோர் பக்கம் நிற்கிறேன். நம் சிலம்பக் கூடத்தில் ஆசான் முதலில் என்ன கற்பிக்கிறார்? கம்பைக் கையில் கொடுக்குமுன் காலடி வரிசை. அது நின்ற இடத்தில் நீட்டுவதன்று. அசைந்து, தாழ்ந்து, எழுந்து, திரும்பி வைக்கும் அடி. பயில்வான்கள் என்ன செய்தார்கள்? தண்டால் எடுத்தார்கள், பஸ்கி போட்டார்கள், கரலாக்கட்டை சுற்றினார்கள். எல்லாம் வலுவூட்டும் பயிற்சி. எல்லாம் பத்தில் தொடங்கி நூறுக்கு மெல்ல ஏறும் பயிற்சி. அவற்றை நாம் கைவிட்டோம். கைவிட்டுவிட்டு, பந்தயத்துக்கு முன் கால் விரலைத் தொடுவதை மட்டும் சடங்காகப் பிடித்துக்கொண்டோம்.

எது காக்கிறது?

நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுவரையுள்ள கால்பந்தாட்டச் சிறுமிகள் 1892 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒரு சாராருக்கு இருபது நிமிடத் தொடக்கப் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். இன்று ‘ஃபிஃபா 11+’ என்ற பெயரில் உலகெங்கும் வழங்கும் பயிற்சி அதுவே. மெல்லோட்டம், வயிறு முதுகுத் தசைகளுக்கு வலு, ஒற்றைக்காலில் நிற்றல், தாவி மெத்தென்று இறங்குதல், திசைமாற்றி ஓடுதல் ஆகியவை அதில் உண்டு. நிறுத்தி நீட்டல் இல்லை. அந்தப் பருவத்தில் அவர்களுக்கு மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாயின.

பின்தொடைத் தசைக்கு இன்னும் எளிய வழி உண்டு. மண்டியிட்டு நிமிர்ந்து நில்லுங்கள். நண்பர் ஒருவர் பின்னாலிருந்து உங்கள் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். இடுப்பை வளைக்காமல் உடம்பை மெல்ல மெல்ல முன்னே சாயவிடுங்கள். இனித் தாங்க முடியாது என்ற நிலையில் கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளிடம் இதனைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பயிற்சியோடு நின்ற அணிகளில் 52 பின்தொடைக் காயங்கள்; இதைச் சேர்த்துச் செய்த அணிகளில் 15 மட்டுமே.

இதற்குச் செலவு என்ன? ஒரு பாயும் ஒரு நண்பரும். நம் கல்லூரியில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஆனால் முதல் நாளே முப்பது முறை செய்துவிட்டு மறுநாள் படுக்கையில் கிடக்கக் கூடாது. வாரத்துக்கு ஒருநாள், ஐந்தைந்தாக இருமுறை என்று தொடங்கிப் பத்து வாரங்களில் ஏற்ற வேண்டும். வள்ளுவர் ‘மருந்து’ என்ற அதிகாரத்தில் அளவைத்தானே பேசுகிறார்? உணவுக்குப் பொருந்தும் அந்த அறம் உழைப்புக்கும் பொருந்தும்.

தொழிற்சாலை வாயிலில்

இனி, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நம் அண்ணன்மாரையும் அக்காமாரையும் எண்ணிப் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கிய பின், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று ஆலைகள் பரவின. படித்து முடித்ததும் நம்மில் பலர் செல்லப் போகும் இடமும் அதுதான்.

வேலை தொடங்குமுன் அனைவரும் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்வது ஜப்பானிய ஆலைகளின் நெடுநாள் வழக்கம். அங்கே 1928இல் வானொலி வழியாக மூன்று நிமிட உடற்பயிற்சியை நாடெங்கும் பரப்பினார்கள். உலகப்போருக்குப் பின் நின்றுபோய், 1951இல் புதுவடிவில் மீண்டும் வந்தது. குருகிராமத்தில் 1983இல் உற்பத்தியைத் தொடங்கிய மாருதி ஆலை, அவ்வழக்கத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த இடங்களுள் ஒன்று. நம் பகுதி ஆலைகள் சிலவற்றிலும் இது உண்டு என்று வேலைக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள்.

நல்ல வழக்கந்தான்; தூக்கக் கலக்கம் தீரும், உடம்பு சூடேறும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதனால் முதுகு வலியும் தோள் வலியும் வாராது என்று சொன்னால், அதற்கு உறுதியான சான்று இல்லை. 2008இல் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், சில ஆய்வுகளில் பயன் தெரிந்தாலும் அவற்றின் தரம் போதாது என்றே எழுதினார்கள்.

அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த ஒரு கணக்கு முறை உண்டு. ஒரு தொழிலாளி எவ்வளவு எடையைக் கையால் தூக்கலாம் என்று அது சொல்லும். எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோகிராம். பொருள் உடம்பிலிருந்து தள்ளி இருந்தால் அந்த எடை குறையும். தரையிலிருந்து தூக்கினால் குறையும். இடுப்பைத் திருப்பித் தூக்கினால் குறையும். நிமிடத்துக்குப் பலமுறை தூக்கினால் குறையும். பிடி சரியில்லாவிட்டாலும் குறையும். தொழிலாளி காலையில் எத்தனை நிமிடம் கையை நீட்டினார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை! எடையை, உயரத்தை, வேகத்தை, ஓய்வைத் திருத்துங்கள் என்றே அது சொல்கிறது.

சாலையில் ஓடுகிறவனுக்கும் ஆலையில் நிற்கிறவருக்கும் பொதுவான உண்மை இதுதான்: காயம் என்பது உடலின் வலுவுக்கும் அதன்மேல் விழும் சுமைக்கும் இடையிலுள்ள வழக்கு. ஒன்று, வலுவைக் கூட்ட வேண்டும். அல்லது சுமையை ஒழுங்குபடுத்த வேண்டும். ஐந்து நிமிட நீட்டல் இவ்விரண்டில் எதையும் செய்வதில்லை.

இதனாலேயே “நீ சரியாக நீட்டவில்லை” என்ற பேச்சு எனக்கு உறுத்துகிறது. அது அடிபட்டவனின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, மற்ற எல்லாரையும் விடுவித்துவிடுகிறது. போதிய நாள் முன்னதாகப் பயிற்சியைத் தொடங்காத நிருவாகம் தப்புகிறது. கல்லும் முள்ளுமான மைதானம் தப்புகிறது. ஓய்வில்லாத ஷிப்ட் தப்புகிறது. குறைவாக உண்டு, குறைவாக உறங்கி, மிகையாக ஓடும்படி அந்த இளைஞனைத் துரத்திய வறுமையும் தப்புகிறது.

நம் கல்லூரி செய்யத்தக்கவை

குறை சொல்லி நின்றுவிடுவது மாணவர்க்கு அழகன்று. எனவே நான்கு வேண்டுகோள்களை உடற்கல்வித் துறையின் முன்னும், மாணவர் மன்றத்தின் முன்னும் பணிவுடன் வைக்கிறேன்.

முதலாவது, ஆண்டு விளையாட்டு விழாவுக்கான பயிற்சி, விழாவுக்கு இரண்டு வாரம் முன் தொடங்கும் வழக்கத்தை மாற்றுவோம். கல்லூரி திறந்த முதல் மாதத்திலேயே பெயர்களைப் பதிவுசெய்து, வாரம் மூன்று நாள் என்ற கணக்கில் மெல்ல மெல்ல ஏறும் பயிற்சியைத் தொடங்கலாம்.

இரண்டாவது, கால் விரலைத் தொட்டு நிற்கும் ஐந்து நிமிடத்தை இருபது நிமிடமாக்குவோம். மெல்லோட்டம், காலை வீசி நடத்தல், பஸ்கி, ஒற்றைக்கால் நிற்றல், மேலே சொன்ன மண்டியிட்டுச் சாயும் பயிற்சி ஆகியவற்றை அதில் சேர்க்கலாம். நீட்ட விரும்புவோர் விளையாடி முடித்த பின் நிதானமாக நீட்டிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, காவலர் தேர்வு எழுதும் மாணவ மாணவியர்க்கெனத் தனிக்குழு ஒன்று வேண்டும். எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே அவர்கள் ஓட்டத்தையும் தொடங்க வேண்டும். முதல் மாதம் நடையும் ஓட்டமும் கலந்து, ஒருநாள் விட்டு ஒருநாள். கூடுமானவரை தார்ச்சாலையை விட்டு மண்தரையில். எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நான்காவது, ஒரு குறிப்பேடு. யாருக்கு, எப்போது, எந்த விளையாட்டில், பயிற்சி தொடங்கிய எத்தனையாவது வாரத்தில், எந்த இடத்தில் அடிபட்டது என்று எழுதி வைப்போம். விலங்கியல், புள்ளியியல் மாணவர்கள் அதைப் பராமரிக்கலாம். மூன்று ஆண்டுகள் எழுதினால், ஆஸ்திரேலியாவையும் நார்வேயையும் மேற்கோள் காட்ட வேண்டிய தேவை குறையும். நம் மைதானமே நமக்குச் சாட்சி சொல்லும்.

தோழர்களே! ஒரு நம்பிக்கை பழமையானது என்பதற்காக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பலரும் சொல்கிறார்கள் என்பதற்காக அதை ஏற்க வேண்டியதுமில்லை. எண்ணிப் பார்த்து, அளந்து பார்த்து, பயன் கண்டு கொள்வதே கல்லூரிக்கு வந்ததன் பொருள். நம்மில் பெரும்பாலோர்க்குப் பரம்பரைச் சொத்து என்று ஒன்றும் இல்லை. இரண்டு கால்களும் இரண்டு கைகளும் ஒரு முதுகெலும்பும்தான் நம் முதலீடு. அவற்றைப் போட்டியிலும் தேர்விலும் ஆலையிலும் இறக்குமுன், ஐந்து நிமிடம் நீட்டி மடக்கினோம் என்று மன நிறைவு கொள்ளாமல், ஐந்து மாதம் உழைத்து உரமேற்றுவோம். சுமை ஏற்றுகிறவர்களைப் பார்த்து, “எங்கள் வலுவுக்கு ஏற்ற அளவா இது?” என்று கேட்கவும் பழகுவோம்.